மெலாயே ஜிஸீரி: ஞானியா, அரசவைக் கவிஞரா?

வைகைக்கரை எழுதியது:

வணக்கம் நண்பர்களே. குர்திஷ் கவிஞர் அஹ்மதே கானியின் 'மெம் ஊ ஸீன்' காவியத்தை மொழிபெயர்ப்பில் படித்துக்கொண்டிருக்கிறேன். அதன் தொடக்கப் பகுதியில், தனக்கு முன்னால் குர்திஷ் மொழியில் பாடிய மூன்று பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்: அலீ ஹரீரி, மெலாயே ஜிஸீரி, ஃபெகியே தெய்ரான். இவர்களில் ஜிஸீரியைத்தான் குர்மாஞ்சி என்ற குர்திஷ் வழக்கின் பெரும் செவ்வியல் கவிஞர் என்கிறார்கள். சரி என்று அவரைத் தேடிப் போனால் இரண்டு இடத்தில் முட்டுகிறது.

ஒன்று, காலம். சில பழைய நூல்கள் அவரை 12ஆம் நூற்றாண்டில் வைக்கின்றன. மற்றவை 1570 முதல் 1640 வரை என்கின்றன. நானூறு வருட வித்தியாசம் எப்படி வரும்?

இரண்டு, 'இடைக்கால சமயக் கவிஞர்' என்று அறிமுகம் செய்கிறார்கள். ஆனால் எந்தப் பாட்டை எடுத்தாலும் மது, அதை ஊற்றிக்கொடுக்கும் ஸாகீ, ஸல்மா என்றொரு பெண், அவள் கூந்தல், அவள் புருவம். நடுவில் சிற்றரசருக்கு ஒரு நீண்ட வாழ்த்துப்பா வேறு. இவரை எந்தக் கணக்கில் சமயக் கவிஞர் என்கிறார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய ஏடு எழுதியது:

காலக் குழப்பத்துக்கு ஒரு குறிப்பிட்ட புத்தகம்தான் காரணம். 19ஆம் நூற்றாண்டில் எர்ஸுரூம் நகரில் ரஷ்யத் தூதரக அதிகாரியாக இருந்தவர் அகஸ்ட் ஜாபா. குர்திஷ் மொழியில் ஆர்வம் வந்து, முல்லா மஹ்மூத் பாயஸீதி என்ற அறிஞரைத் துணைக்கு வைத்துக்கொண்டு கதைகள், கையெழுத்துப் பிரதிகள், கவிஞர் வரலாறுகள் எல்லாவற்றையும் சேகரித்தார். அதில் ஒரு பகுதி 1860இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அச்சாகியது. அந்நூலில் கவிஞர்களுக்குக் கொடுத்திருக்கும் வருடங்கள் வாய்மொழியாக வந்தவை. அலீ ஹரீரி 11ஆம் நூற்றாண்டு, ஜிஸீரி 12, ஃபெகியே தெய்ரான் 14 என்று அழகாக வரிசை கட்டி வரும். பின்னால் வந்தவர்கள் அதை அப்படியே பார்த்து எழுதினார்கள்.

1969இல் டி. என். மெக்கன்ஸி என்ற மொழியியலாளர் பாடல்களுக்குள்ளேயே புகுந்து பார்த்தார். ஜிஸீரியும் ஃபெகியே தெய்ரானும் ஒருவரையொருவர் விளித்துப் பாடிய பாட்டு இருக்கிறது. ஜாபாவின் வருடங்களை நம்பினால், ஒருவர் செத்து நூறு வருடத்துக்கு மேல் கழித்துப் பிறந்தவர் அவரோடு பேசியிருக்க வேண்டும்! உள்ளே கிடைக்கும் குறிப்புகளை வைத்து, இரண்டு பேரும் 16ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 17இன் முதல் பாதியிலும் வாழ்ந்த சமகாலத்தவர் என்று மெக்கன்ஸி காட்டினார். இன்று பெரும்பாலோர் ஒப்புக்கொள்வது அதைத்தான்.

ஆகவே ஐரோப்பிய அளவுகோலில் 'இடைக்காலம்' என்ற பட்டம் இவருக்குப் பொருந்தாது. ஓட்டமான் பேரரசும் ஸஃபவிப் பேரரசும் முட்டிக்கொண்டிருந்த காலத்து ஆள்.

திண்ணைவாசி எழுதியது:

ஒரு சந்தேகம். இந்த ஜிஸீரி யானைக் கடிகாரம் செய்தவர்தானே? தானாக இயங்கும் பொம்மைகள், தண்ணீர் இறைக்கும் இயந்திரங்கள் எல்லாம் வரைந்து வைத்தாரே, அவர்?

பழைய ஏடு எழுதியது:

அவர் அல் ஜஸரி, பொறியாளர். அவர் நூலை முடித்தது 1206இல். இருவருக்கும் பெயர் வந்தது ஒரே ஊரால்: டைக்ரிஸ் நதிக்கரையில் இருக்கும் ஜிஸ்ரே. இன்று துருக்கியின் ஷிர்னாக் மாகாணத்தில், சிரியா எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது. வரலாற்றாசிரியர் இப்னுல் அஸீரும் அங்கே பிறந்தவர்தான். போத்தான் என்ற குர்திஷ் சிற்றரசுக்கு அது தலைநகர். கவிஞரின் இயற்பெயர் அஹ்மத். 'மெலா' என்றால் முல்லா. பாட்டின் கடைசியில் முத்திரையாகப் போடுவதும் பெரும்பாலும் அதுதான். அங்குள்ள செங்கல் மதரஸாவில் பாடம் நடத்தியவர் என்று சொல்வார்கள். 'மெத்ரெஸா ஸோர்', சிவப்பு மதரஸா. அவர் கல்லறையும் அதற்குள்தான்.

நூருன்னிஸா எழுதியது:

வைகைக்கரை அண்ணனின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அவருடைய திவானின் (கவிதைத் தொகுப்பின்) முதல் பாட்டையே எடுத்துக்கொள்வோம்.

நெவாயா முத்ரிப் ஊ செங்கே, ஃபிகான் ஆவேத்தே கெர்செங்கே
வெரெ ஸாகீ ஹெதா கெங்கே, நெஷோயீன் தில் ஜி வே ஜெங்கே

பாடகனின் குரலும் யாழும் எழுப்பிய ஓலம் வானத்தில் கடக ராசி வரைக்கும் போய்விட்டது. வா ஸாகீ, இந்தத் துருவை இதயத்திலிருந்து கழுவாமல் இன்னும் எத்தனை நாள் இருப்பது? இதுதான் பொருள். முதலில் காதால் கேளுங்கள். செங்கே, கெர்செங்கே, கெங்கே, ஜெங்கே. நான்கு அரையடியும் இயைபில் முடிகின்றன. மதரஸா மாணவர்கள் இதை மனப்பாடமாக வைத்திருப்பதில் ஆச்சரியமே இல்லை.

இப்போது அந்தத் துரு. 'இரும்பு துருப்பிடிப்பதுபோல இதயங்களும் துருப்பிடிக்கும்' என்று ஒரு நபிமொழி உண்டு. அதை நீக்க மரணத்தை நினைப்பதும் குர்ஆன் ஓதுவதும் வழி என்று அது தொடரும். சூஃபிகள் திக்ரை, அதாவது இறைவனை நினைந்து ஓதுவதை, துரு நீக்கும் மெருகு என்பார்கள். ஜிஸீரியின் முன்னால் உட்கார்ந்திருந்த மாணவனுக்கு இது அத்துப்படி. அவனுக்கு 'துருவைக் கழுவு' என்றவுடன் திக்ர்தான் ஞாபகம் வரும், சாராயக் கடை வராது. துருவைக் கழுவும் பொருளாக மதுவைக் கேட்கிறார் என்பதே விஷயத்தைச் சொல்லிவிடுகிறது.

அடுத்த கண்ணியில் இன்னொரு வேலை செய்கிறார். 'நிலைத்த மதுதான் இதயத்தின் உயிர், ஏக்கத்தோடு அதைப் பருகுவோம்' என்று குர்திஷில் சொல்லிக்கொண்டே வந்து, 'அலா யா அய்யுஹஸ் ஸாகீ அதிர் கஃஸன் வ நாவில்ஹா' என்று அரபியில் முடிக்கிறார். ஹாஃபிஸ் திவானின் முதல் வரி அது! பாரசீகக் கவிதையின் உச்சியில் இருந்தவரின் முதல் வரியைத் தன் முதல் பாட்டுக்குள் கொண்டுவந்து உட்காரவைக்கிறார். குர்திஷில் இதெல்லாம் வராது என்று நினைத்தவர்களுக்கு இதைவிட என்ன பதில் வேண்டும்? வேறொரு பாட்டில் நேரடியாகவே கேட்கிறார்: கோக்காத முத்துகள் கவிதையாக வேண்டுமென்றால் மெலாவின் பாட்டைப் பார், ஷீராஸ்காரர் எதற்கு? (ஷீராஸ் ஹாஃபிஸின் ஊர்.)

குறுக்கே பேசுபவன் எழுதியது:

அக்கா சொல்வது அழகாக இருக்கிறது. ஆனால் எனக்கு ஒரு பழைய எரிச்சல். சூஃபிக் கவிதை என்று பெயர் வைத்துவிட்டால் மது என்றால் ஞானம், கூந்தல் என்றால் இறைவனின் மறைவு, மச்சம் என்றால் ஏகத்துவம் என்று அட்டவணை போட்டு விளக்கிவிடுகிறார்கள். கவிதை அத்தோடு செத்துப்போகும்.

வைகைக்கரை சொன்ன வாழ்த்துப்பாவை அந்த அட்டவணையில் எங்கே வைப்பது? 'ஏ ஷஹின்ஷாஹே முஅஸ்ஸம்' என்று தொடங்கும் அது. போத்தான் மீருக்கு, அதாவது அந்தச் சிற்றரசருக்கு, பாடியது. 'வெற்றியை உமக்கு அளித்தோம்' என்ற குர்ஆன் அத்தியாயம் உன்னைச் சுற்றி அரணாக நிற்கட்டும் என்கிறார். தப்ரீஸும் குர்திஸ்தானும் மட்டும் போதாது, குராஸான் அரசனைப்போல நூறு பேர் உன் ஏவலுக்குக் காத்திருக்கட்டும் என்கிறார். ஜிஸ்ரேயைச் சுற்றி ஒரு சமவெளியும் மலையும் வைத்திருந்த மீருக்குக் குராஸான் கனவு! இது பரிசிலுக்குப் பாடிய பாட்டு. அதில் ஒன்றும் கேவலமில்லை. ஆனால் அதற்கு ஞானப் பூச்சு வேண்டாம்.

ஸல்மா கதையும் அப்படியே. பெரிய இடத்துப் பெண்ணை இவர் காதலித்தார் என்று ஊரில் கதை இருக்கிறது. கதை பொய்யாகவே இருக்கட்டும், ஒரு பெண்ணைப் பார்த்து மனம் கலங்காதவர் அந்த வரிகளை எழுதியிருக்க முடியாது என்பது என் கட்சி.

நூருன்னிஸா எழுதியது:

அட்டவணை விஷயத்தில் தம்பியோடு நானும் சேர்ந்துகொள்கிறேன். ஆனால் 'ஒன்று அல்லது மற்றொன்று' என்று ஏன் பிரிக்க வேண்டும்? சூஃபி ஞானி இப்னு அரபி வழி வந்த சிந்தனையில் மனித அழகு இறையழகின் வெளிப்பாடு. கண்ணாடியில் முகம் தெரிகிறது என்றால் கண்ணாடியைப் பார்ப்பதும் உண்மை, முகத்தைப் பார்ப்பதும் உண்மை. ஜிஸீரி அந்தப் பள்ளிக்காரர். ஸல்மா வெறும் குறியீடு என்றால் அவருடைய தத்துவமே கெட்டுவிடும். அவள் நிஜமாக இருந்தால்தான் தத்துவம் நிற்கும்.

மீர் பாட்டை உங்களுக்கே விட்டுக்கொடுக்கிறேன். அது பரிசில் பாட்டுதான்.

பழைய ஏடு எழுதியது:

இந்த வாதத்தை வேறு பக்கத்திலிருந்தும் பார்க்கலாம். கவிஞர் என்ன நினைத்தார் என்பது ஒரு கேள்வி. அவரை யார் காப்பாற்றி வைத்தார்கள் என்பது இன்னொன்று.

திவான் முதன்முதலில் அச்சேறியது 1904இல், பெர்லினில், மார்ட்டின் ஹார்ட்மன் என்ற ஜெர்மானியர் மூலம். அதுவரை கிட்டத்தட்ட 260 வருடம் அது கையெழுத்துப் பிரதியாகவே ஓடியிருக்கிறது. யார் படியெடுத்தார்கள்? மீர்களின் அரண்மனை இல்லை; போத்தான் சிற்றரசையே 1847இல் ஓட்டமான் படை முடித்துவிட்டது. படியெடுத்தவர்கள் 'ஃபெகி' எனப்படும் மதரஸா மாணவர்கள். ஒரு முல்லாவிடம் ஒரு பாடம், அடுத்த ஊர் முல்லாவிடம் அடுத்த பாடம் என்று வருடக்கணக்கில் ஊர் ஊராக நடப்பார்கள். சாப்பாடு ஊர் வீடுகளிலிருந்து வரும். அரபி இலக்கணம், தர்க்கம், ஷாஃபி சட்டம் இவைதான் பாடத்திட்டம். அதற்கு நடுவில் தாய்மொழியில் கிடைத்த சுகம் ஜிஸீரி.

உரை எழுதியவரைப் பாருங்கள்: சிரியாவின் காமிஷ்லி நகர முஃப்தி அஹ்மத் ஸிவிங்கி. 1950களின் கடைசியில் ஜிஸீரி திவானுக்கு அரபியில் விரிவான உரை கொண்டுவந்தார். ஊருக்கு ஃபத்வா கொடுக்கிற மனிதர் மதுப் பாட்டுகளுக்கு வரி வரியாக உரை எழுதுகிறார் என்றால், அந்தச் சமூகம் அவரை எப்படிப் படித்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. (பின்னால் கவிஞர் ஹெஜார், ஸோரானி என்ற இன்னொரு குர்திஷ் வழக்கில் ஓர் உரை எழுதினார். படிக்க அதுதான் சுவை என்பார்கள்.)

கடலோரம் எழுதியது:

ஷாஃபி சட்டம் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். குர்துகள் பெரும்பாலும் ஷாஃபி மத்ஹப் (இஸ்லாமியச் சட்டப் பள்ளி). காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கம் நாங்களும் அதே. துருக்கியர்கள் ஹனஃபி. ஆக அந்த மதரஸாக்களில் ஓதிய சட்ட நூல்களில் சில எங்கள் ஊர் மதரஸாவிலும் இருந்திருக்கும்.

இன்னொன்று. நபிகளின் பிறப்பைப் பாடும் மவ்லிதுகளில் 'பர்ஸஞ்சி மவ்லிது' உலகப் புகழ் பெற்றது. இந்தோனேசியாவில் அது ஓதாத ஊரே இல்லை எனலாம். அதை அரபியில் இயற்றிய ஜஃபர் அல் பர்ஸஞ்சி 18ஆம் நூற்றாண்டில் மதீனாவில் இருந்தவர், குர்திஷ் வம்சாவளி. குர்திஷ் மொழியிலேயே மவ்லிது உண்டா?

பழைய ஏடு எழுதியது:

உண்டு பாய். மெலாயே பாத்தே எழுதிய 'மெவ்லூத்'. ஹக்காரிப் பகுதிக்காரர். ஜாபா இவரை 15ஆம் நூற்றாண்டில் வைத்தார், அதையும் இப்போது பலர் ஏற்பதில்லை. 17, 18ஆம் நூற்றாண்டு என்பார்கள். குர்மாஞ்சி பேசும் ஊர்களில் கல்யாணம், நேர்ச்சை, துக்க வீடு என்று எல்லாவற்றுக்கும் ஓதுகிறார்கள். சமயக் கவிஞர் என்ற பட்டத்துக்கு மறுப்பே சொல்ல முடியாத ஆள் வேண்டுமானால் இவர்தான். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமாருக்கும் இவர் வரிகள் தெரியும். ஜிஸீரிக்கு அந்த யோகம் கிடையாது, அவர் படித்தவர்களின் கவிஞர்.

திண்ணைவாசி எழுதியது:

அப்போ ஃபெகியே தெய்ரான் எப்படி? பெயரே 'பறவைகளின் மாணவன்' என்று வருகிறதாமே.

நூருன்னிஸா எழுதியது:

வான் ஏரிக்குத் தெற்கே மலைக்குள் இருக்கும் முக்குஸ் ஊர்க்காரர். பறவைகளின் பாஷை தெரிந்தவர் என்று மக்கள் கதை. ஜிஸீரியைப்போல அரபி, பாரசீக அலங்காரம் எல்லாம் போட மாட்டார். குட்டிக் குட்டி அடிகள், பேச்சுக்குப் பக்கத்தில் நிற்கும் மொழி. பாரசீக சூஃபிக் கவிஞர் அத்தார் சொன்ன ஷேக் ஸனான் கதையைக் குர்திஷில் பாடியவர். ஸஃபவி அரசர் ஷா அப்பாஸின் படை 1609-10இல் முற்றுகையிட்ட திம்திம் கோட்டை பற்றிய பாட்டையும் இவர் பெயரில் சொல்வார்கள்.

எனக்குப் பிடித்தது தண்ணீரிடம் பேசும் பாட்டு. 'ஏ ஆவ் ஊ ஆவ்' என்று தொடங்கும். தண்ணீரே தண்ணீரே, நீயும் காதலில் விழுந்துவிட்டாயா? அலைகளை இப்படி அள்ளி வீசுகிறாயே, நிற்காமல், ஓய்வில்லாமல்! மலை ஓடையை ஒரு தடவை பார்த்தவன் எவனுக்கும் இதற்கு உரை தேவையில்லை. ஆனால் கேள்வி முழுக்க சமயக் கேள்வி: படைப்பு எதைத் தேடி இப்படி ஓடுகிறது?

வைகைக்கரை எழுதியது:

அருமை. நான் தொடங்கிய இடமான கானிக்கு வருகிறேன். அந்த மூன்று பேரையும் அவர் கூப்பிடும் இடம் இப்போது வேறுமாதிரி ஒலிக்கிறது. 'நமக்கு ஓர் அரசன் இருந்திருந்தால் கவிதையின் கொடியை வானத்தின் மாடியில் ஏற்றியிருப்பேன். மெலாயே ஜிஸீரியின் உயிரைத் திரும்பக் கொண்டுவந்திருப்பேன், அலீ ஹரீரியை எழுப்பியிருப்பேன், ஃபெகியே தெய்ரானை வியப்பில் ஆழ்த்தியிருப்பேன்' என்கிறார். உடனே அடுத்த மூச்சில்: என்ன செய்ய, சந்தை படுத்துவிட்டது, துணி வாங்க ஆளில்லை!

இதில் கோபம் இருக்கிறது, கொஞ்சம் வியாபாரக் கிண்டலும் இருக்கிறது. பாரசீகம் என்ற தெளிந்த மதுவை விட்டுவிட்டு வண்டலைக் குடித்தேன், குர்திஷை எடுத்தேன், குர்துகள் அறிவில்லாதவர்கள், வேரில்லாதவர்கள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக என்றும் எழுதுகிறார். அவர் ஹிஜ்ரி 1061இல் பிறந்ததையும், முடிக்கும்போது வயது 44 என்பதையும் அவரே காவியத்துக்குள் சொல்லிவிடுவதால் ஜாபா மாதிரி யாரும் நாலு நூற்றாண்டு தள்ளி வைக்க முடியாது.

குறுக்கே பேசுபவன் எழுதியது:

ஒருவேளை ஜிஸீரி கதியைப் பார்த்துத்தான் தேதி போட்டாரோ என்னவோ!

ஆனால் பாருங்கள், கானியை எல்லோரும் தேசியக் கவிஞராக மட்டும் படிக்கிறார்கள். துருக்கியில் 1968இல் எமின் போஸார்ஸ்லான் மொழிபெயர்ப்பு வந்தபோது வம்பும் அதனால்தான் வந்தது. பிறகு 2010இல் துருக்கியின் பண்பாட்டு அமைச்சகமே அந்தக் காவியத்தை வெளியிட்டது தனிக் கூத்து. ஜிஸீரியும் 'போத்தான் என்னும் இரம் தோட்டத்தின் ரோஜா நான், குர்திஸ்தான் இரவின் விளக்கு நான்' என்று பாடியிருக்கிறார். அதை வைத்து அவரையும் தேசியவாதி ஆக்குகிறார்கள். எனக்கு அது கவிஞனின் தற்பெருமையாகத்தான் தெரிகிறது. பாட்டுக் கட்டுபவன் எல்லா ஊரிலும் அப்படித்தான் மார்தட்டுவான்.

நூருன்னிஸா எழுதியது:

தேசியத்தை ஓரமாக வைத்துவிட்டு, 'மெம் ஊ ஸீன்' முடிவைப் பாருங்கள். கானி மதரஸாக்காரர் என்பது அங்கேதான் தெரிகிறது.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: நவ்ரோஸ் நாளில் போத்தான் மீரின் தங்கை ஸீனும் மெம் என்ற இளைஞனும் சந்திக்கிறார்கள், மோதிரம் மாறுகிறது. மீரின் வாயிற்காவலன் பெக்கோ கோள்மூட்டி, சதுரங்க ஆட்டத்தில் மெமின் வாயைக் கிளறிக் காதலை வெளிக்கொண்டுவந்து, சிறைக்குள் தள்ள வைக்கிறான். மெம் அங்கேயே சாகிறான். நண்பன் தாஜ்தீன் பெக்கோவைக் கொல்கிறான். இதுவரை எந்த நாட்டுக் காதல் கதையிலும் வரக்கூடியதுதான்.

ஸீன் அப்போது என்ன சொல்கிறாள் தெரியுமா? பெக்கோவைக் கோபிக்காதீர்கள், எங்களுக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்யுங்கள் என்கிறாள். நாங்கள் ரோஜா, அவன் எங்களுக்கு முள். நாங்கள் புதையல், அவன் காவல் இருந்த பாம்பு. அவன் தடுக்காமல் இருந்தால் எங்கள் காதல் சாதாரணக் கல்யாணத்தில் முடிந்திருக்கும் என்பது அவள் வாதம். அதோடு விடவில்லை கானி. கடைசியில் ஒரு பெரியவர் காணும் காட்சியில், சொர்க்கத்தில் அந்தக் காதலர்களின் மாளிகை வாசலில் பெக்கோ காவலுக்கு நிற்கிறான்! பூமியில் செய்த அதே உத்தியோகம்.

தீமை ஏன் படைக்கப்பட்டது, இப்லீஸ் (ஷைத்தான்) யார் பக்கம் வேலை செய்கிறான் என்று சூஃபிகள் நெடுங்காலம் மண்டையை உடைத்துக்கொண்ட கேள்வி இது. கானி அதற்கு ஒரு கோள்சொல்லியை வைத்து விடை எழுதிப் பார்க்கிறார். எனக்கு இன்னும் அந்த விடை முழுசாகச் செரிக்கவில்லை. பெக்கோவால் செத்தது மெம்தானே, அவனைக் கேட்டார்களா?

கடலோரம் எழுதியது:

நல்ல கேள்வி அது. ஸீன் மன்னித்துவிட்டாள், தாஜ்தீன் மன்னிக்கவில்லை. கானி இரண்டு பேரையும் குறைசொல்லாமல் விட்டது எனக்குப் பிடித்திருக்கிறது.

மதரஸாக்கள் இப்போதும் நடக்கின்றனவா, பழைய ஏடு?

பழைய ஏடு எழுதியது:

1924இல் துருக்கிக் குடியரசு மதரஸாக்களை மூடியது. அடுத்த வருடம் தரீக்காக்கள் என்னும் சூஃபி நெறிகளின் தக்கியாக்களையும் (மடங்களையும்) மூடினார்கள். ஆனால் குர்திஷ் ஊர்ப்புறங்களில் முல்லாக்கள் வீட்டிலும் பள்ளிவாசல் ஓரத்திலும் மறைவாகப் பாடம் நடத்தினார்கள். மொழி பேசுவதற்கே கெடுபிடி இருந்த காலத்தில் குர்மாஞ்சி எழுத்தை ஒரு பையன் கண்ணால் பார்த்த இடம் அதுதான். முதல் புத்தகம் பெரும்பாலும் கானியின் 'நூபிஹார்'. 1683இல் குழந்தைகளுக்காக அவர் எழுதிய அரபி-குர்திஷ் நிகண்டு, முழுக்கச் செய்யுள். பகுதிக்கு ஒரு சந்தம். பெரிய மனிதர்களுக்காக எழுதவில்லை, குர்மாஞ்சிப் பிள்ளைகளுக்காக எழுதினேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார். அதை முடித்துவிட்டு அவருடைய 'அகீதா', அதாவது ஈமானின் அடிப்படைகளைச் சொல்லும் சிறு செய்யுள் நூல். அப்புறம் அரபி இலக்கணம். ஜிஸீரிக்கு வர இன்னும் பல வருடம் ஆகும்.

வைகைக்கரை எழுதியது:

அப்படியானால் நானும் 'நூபிஹார்' பக்கம் போய்விட்டுத்தான் ஜிஸீரிக்கு வர வேண்டும்போல. அதற்கு முன்னால் அந்த முதல் பாட்டை யாராவது பாடிக் கேட்க ஆசை. மதரஸா முறையில் ஓதிய ஒலிப்பதிவு யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், கச்சேரி மெட்டு வேண்டாம்.

திண்ணைவாசி எழுதியது:

எனக்குக் கச்சேரி மெட்டே போதும். இருந்தால் அதையும் போடுங்கள்.